பளபளப்புக்குப் பின்னால் இற்றுப்போன கட்டை

படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி சத்தமே இல்லாமல் குழிந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. வெளியே மூன்றாவது நாளாக மழை. மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் தலைமாட்டில்தான் அந்த இடம்.

நாங்கள் இருந்தது இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், பாரோடேல் பள்ளத்தாக்கில். அதன் மேல்கோடியில் இருக்கும் சீத்வெயிட் என்ற குக்கிராமத்தில் வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம். நான் பிறந்த தூத்துக்குடியில் ஐந்து வருடம் சேர்த்துப் பெய்தால்தான் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மழைக்குப் பேர்போன இடம் என்று தெரிந்துதான் போனோம். ஆனால் சுவர் அப்படி ஆனதற்கு அந்த மூன்று நாள் மழை காரணம் இல்லை, ஒரு கட்டை அந்த அளவுக்கு இற்றுப்போக வருடக்கணக்காகும். அந்த மழை அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ஊரில் கேரவன் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிறுத்தி வைக்கும் ஏசி வண்டியைத்தான் நினைக்கிறார்கள். பிரிட்டனில் கேரவன் என்பது வேறு. எஞ்சின் கிடையாது, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்களுடையது 2006ஆம் வருட மாடல், ஐந்து பேர் படுக்கலாம், 3,200 பவுண்டுக்குப் பழையதாக வாங்கினோம். விற்றவர் முதல்நாள்தான் மெழுகு போட்டுத் துடைத்திருப்பார் போல, வெள்ளைச் சுவரில் என் முகம் தெரிந்தது. கீறல் இருக்கிறதா, சொட்டை இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, பணத்தைக் கொடுத்துவிட்டேன். கார் வாங்குகிற கண்ணோடு பார்த்திருக்கிறேன். கேரவனின் வெளிச்சுவரை அந்தக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காருக்கு இரும்புத் தகடுதான் தோல், அதுவேதான் எலும்பு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கேரவன்களில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பு மரம். வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியத் தகடு, நடுவே தெர்மோகோல், அந்தத் தெர்மோகோலுக்கு இடையில் ஓரங்களிலும் ஜன்னல்களைச் சுற்றியும் மெல்லிய மரச்சட்டம், உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் வீட்டுச் சுவர்த்தாள் மாதிரி ஓர் ஒட்டு. எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்தி ஒரே பலகையாக்கி விடுகிறார்கள். பக்கவாட்டுக்கு இரண்டு, கூரைக்கு ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த முகப்பு. இந்தப் பலகைகள் சந்திக்கிற மூலைகளில் நீளமாக ஓர் அலுமினியப் பட்டை ஓடும். கூடாரத் துணியைக் கோத்து மாட்டுவதற்கான பள்ளமும் அதிலேயே இருப்பதால் ஆனிங் ரெயில் என்பார்கள். அந்த ரெயிலை மாஸ்டிக் என்ற, மூட்டை அடைக்கிற மெத்தென்ற பசையைத் தடவி, வரிசையாகத் திருகாணி போட்டு, தகட்டைத் துளைத்து மரத்தில் இறக்கியிருப்பார்கள்.

என் வண்டியில் ஒரு பக்க ரெயிலில் மட்டும் 64 திருகாணிகள். கூரைத் தண்ணீர் முழுக்க வழிந்து போகிற பாதையில், மழை படுகிற பக்கத்தில், 64 ஓட்டைகள். ஜன்னல், கதவு, விளக்கு, ஃப்ரிட்ஜுக்கான காற்றுத்துளை என்று வெட்டியவை எல்லாம் அதற்கு மேல்.

தகடு எளிதில் கெடாது. அலுமினியத்துக்கு இரும்பு மாதிரி துரு கிடையாது, அதன்மேல் பெயின்டும் இருக்கிறது. தண்ணீர் வருவது மூட்டு வழியாக. தூத்துக்குடியில் தோணி கட்டுகிறவர்களிடம் கேட்டால் இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைப்பது. சின்ன வயதில் பழைய துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்து அதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பலகை எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் கலப்பத்து போனால் தோணி போயிற்று. கேரவனுக்கும் அதேதான், இங்கே பஞ்சுக்குப் பதில் மாஸ்டிக்.

அந்த மாஸ்டிக் ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆறு மீட்டர் நீள அலுமினியத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலக் காலைக்கும் வெயில் காலத்து மத்தியானத்துக்கும் தகட்டின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் வருவது இங்கேகூட சாதாரணம். கட்டிப்போடாமல் விட்டால் அந்த வித்தியாசத்துக்கு அது ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். அதே நீள மரச்சட்டம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளும், அவ்வளவுதான். முகப்பிலுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ இரண்டு மீட்டர் அகலத்துக்கே ஆறு மில்லிமீட்டர் போல விரியும். பசையும் திருகாணியும் பிடித்து வைத்திருப்பதால் முழுசாக அப்படி அசையாது, ஆனால் அசையப் பார்க்கிற விசை மூட்டில்தான் போய் விழுகிறது. மூன்று பொருள், மூன்று விதமாக விரிகிறது, தினமும். அத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது முழு வண்டியும் முறுக்கிக்கொள்கிறது. இதற்கெல்லாம் ஈடுகொடுக்க மூட்டில் இருப்பது இறுகாமல் மெத்தென்றே இருக்க வேண்டும், அதனால்தான் இறுகாத பியூட்டைல் மாஸ்டிக் போடுகிறார்கள். புதிதாக இருக்கும்போது பிசைந்த மாவு மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் எண்ணெய்ப் பசை வற்றிச் சுருங்கி, காய்ந்துபோன ஜவ்வு மிட்டாய் மாதிரி ஆகி, ஓர் ஓரத்தில் தகட்டை விட்டு விலகும். மயிரிழை இடைவெளி போதும்.

என் வண்டியில் முன்பு யாரோ இந்த இடைவெளியைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு ரெயிலின் ஓரம் முழுக்கக் குளியலறைக்குப் போடுகிற சிலிக்கானை நீளமாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. சிலிக்கான் இறுகிவிடும், அசைகிற மூட்டில் ஒரு பக்கம் பிடி விடும். பிடி விட்டால் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் மற்ற பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால் போன தண்ணீர் வெளியே வராது. அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் எதுவுமே ஒட்டாது, பெயின்டும் பிடிக்காது, இன்னொரு சிலிக்கான்கூட சரியாகப் பிடிக்காது. பத்து நிமிடத்தில் அவர் பூசியதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. கேரவன் வாங்கப் போகிறவர்கள் ரெயில் ஓரத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள். பளபளவென்று ரப்பர் மாதிரி நீட்டமாக உரிந்து வந்தால் அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாரோடேலிலிருந்து திரும்பிய மறுநாள் ஓதம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டு ஊசி முனைகளை மரத்தில் அழுத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். இங்கே பணிமனைகளில் சொல்கிற கணக்கு: 15 வரை பயமில்லை, 15லிருந்து 20 என்றால் கண்காணிக்க வேண்டும், 20க்கு மேல் போனால் எங்கேயோ ஒழுகுகிறது, 30ஐத் தாண்டினால் மரம் கெட ஆரம்பித்திருக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால்தான் அதை இற்றுப்போக வைக்கிற பூஞ்சை வளர முடியும், கணக்கு அங்கிருந்து வருகிறது. அலமாரிக்குள், மெத்தைக்குப் பின்னால், ஊசிக்குறி வெளியே தெரியாத இடங்களாகத் தேர்ந்தெடுத்து 40 இடங்களில் வைத்துப் பார்த்து, ஒரு தாளில் வண்டியின் படம் வரைந்து எண்களைக் குறித்தேன். பெரும்பாலும் 11, 12, 14. முன்பக்க வலது மூலையில் மேலே 28. அதே மூலையில் ஜன்னலுக்குக் கீழே 35. மகள் தலைவைத்துப் படுத்த இடம்.

மொட்டைமாடி ஒழுகுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சொட்டுகிற இடம் வேறு, இறங்குகிற இடம் வேறு. ஜன்னலுக்குக் கீழே 35 என்றால் ஜன்னல் ரப்பர்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர், வந்து பார்த்துவிட்டு மேலே கையைக் காட்டினார். ஈரம் எங்கே அதிகமோ அங்கே பார்க்காதே, எங்கே தொடங்குகிறதோ அங்கே பார் என்றார். மேலே ரெயில் மூலையில் இறங்கிய தண்ணீர் மரச்சட்டத்தின் வழியே கீழே ஓடி, ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் தங்கியிருக்கிறது. அதே மூலையில் வெளியே குனிந்து பார்த்தபோது, தகட்டின் அடிப்பக்கம் பெயின்டுக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். நகத்தால் ஒன்றைக் கீறினேன், திருநீறு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. அலுமினியம் அரிக்கப்பட்டால் அப்படித்தான் தூளாகும். ஈரமான மரமும் அதில் அடித்திருந்த இரும்பு ஸ்டேப்பிளும் உள்ளேயிருந்து தகட்டைத் தின்றிருக்கின்றன. சிலிக்கானைத் தவிர வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய இன்னோர் அடையாளம் அது, வாங்கும்போது நான் குனியவில்லை.

பணிமனையில் கேட்டேன், 2,400 பவுண்டு என்றார்கள். அது அநியாயம் இல்லை, ஏனென்றால் வேலை அவ்வளவு இருக்கிறது. ஆனால் வண்டியின் விலையே 3,200. நாமே செய்வோம் என்று மனைவியிடம் சொன்னேன். "மழைக்காலத்துக்கு முன்னால முடிச்சிடுவீங்களாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் முதல் வாரம் ரெயிலைக் கழற்றினோம். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவினால் திருகாணித் தலைகள் தெரியும். மேலே இருந்தவை சுலபமாக வந்தன, மூலைக்கு வர வர வெறும் தலை மட்டும் கையோடு வந்தது, உடம்பு துருவாகி மரத்திலேயே நின்றுவிட்டது. ரெயிலை அவசரப்பட்டு இழுத்தால் வளைந்துவிடும், பிளாஸ்டிக் கரண்டியை அடியில் கொடுத்து அங்குலம் அங்குலமாகத் தூக்க வேண்டும். உள்பக்க பிளைவுட்டை வெட்டி எடுத்தபோது முதலில் வந்தது வாசனை, மழைக்கால மரக்கடை வாசனை. கட்டை இருந்த இடத்தில் டீயில் நனைத்த ரஸ்க் நிறத்தில், ரஸ்க் மாதிரியே உதிர்கிற ஒன்று இருந்தது. ஸ்பூனால் அள்ளினேன். மூலையிலிருந்து கீழே 90 சென்டிமீட்டர் வரை, ஜன்னலுக்கு அடியில் குறுக்கே 60 சென்டிமீட்டர்.

எதுவரை வெட்டுவது என்பதுதான் எல்லோரும் தப்புச் செய்கிற இடம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற வரை வெட்டினால் போதாது. பெரியவர் ஒரு குத்தூசியைக் கொடுத்து, இது முனகாமல் இறங்குகிற வரை எல்லாம் கெட்டதுதான் என்றார். நல்ல மரத்தில் ஊசி நுழையும்போது ஒரு எதிர்ப்பும் சின்ன முறிவுச் சத்தமும் கேட்கும். அந்த இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு சாண் விட்டுத்தான் வெட்டினோம். பிறகு மூன்று வாரம் ஒன்றுமே செய்யவில்லை. கூரைமேல் தார்ப்பாய், உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரம், தினமும் அதன் தொட்டியிலிருந்து தண்ணீரை ஊற்றுவது மட்டும்தான் வேலை. முதல் வாரம் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அவசரப்பட்டு ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் செய்ததெல்லாம் வீண்.

மீட்டர் 14க்கு வந்ததும் மருந்து ஏற்றிய புதுக் கட்டையைச் சாய்வாகச் சீவி பழைய கட்டையோடு இணைத்துப் பசை போட்டு இறுக்கினோம். தெர்மோகோலை வெட்டி நிரப்பினோம், மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒட்டிக் காயும்வரை முட்டுக்கொடுத்து வைத்தோம். வெளியே அரித்த தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஊசித்துளைகளை எபாக்சியால் அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தேன். கடைசியில் ரெயில். பழைய மாஸ்டிக்கை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தகடு கிரீச்சிடும் வரை துடைத்துவிட்டு, புது பியூட்டைல் பட்டையை வைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு பொட்டு மாஸ்டிக் வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கிக்கொண்டு போனோம். முதல் சுற்றில் பாதி, மறுநாள் மீதி. ஒரே மூச்சில் இறுக்கினால் மாஸ்டிக் முழுக்க வெளியே பிதுங்கி, மூட்டில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக, இடைவெளியே இல்லாமல் பிதுங்கி நின்றால் அடைப்பு சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. பொருட்களுக்கு மொத்தம் 310 பவுண்டு ஆனது.

அப்புறம் பின்பக்க முகப்பில் ஒரு வெடிப்பு. விளக்குக்காக வெட்டிய துளையின் மூலையிலிருந்து 11 சென்டிமீட்டர். ஏபிஎஸ் முகப்புகளுக்கு இது பொதுவான வியாதி. பிளாஸ்டிக் விரியப் பார்க்கும், சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருப்பார்கள், விசை முழுக்க ஏதாவது ஒரு கூர்மூலையில் குவியும், அங்கே கிழியும். முதலில் வெடிப்பின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே மூன்று மில்லிமீட்டர் துளை போட வேண்டும். கூர்நுனி வட்டமானால் விசை பரவிவிடும், வெடிப்பு மேலே ஓடாது. நுனி கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கும் கொஞ்சம் அப்பால்தான் இருக்கும், நான் முதலில் போட்ட துளை ஐந்து மில்லிமீட்டர் முன்னாலேயே விழுந்து, இரண்டாவது துளை போட வேண்டியதாயிற்று.

வெடிப்பை நிரப்ப அதே பிளாஸ்டிக் வேண்டும். லெகோ கட்டைகள் 1963லிருந்து ஏபிஎஸ்ஸில்தான் செய்யப்படுகின்றன. இதை மகளிடம் விளக்கிச் சொன்னேன். யோசித்துவிட்டுப் பெட்டியைக் கிளறி ஐந்து வெள்ளைக் கட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். "இது கரைஞ்சா நம்ம வண்டியிலேயே இருக்குமாப்பா?" என்றாள். கண்ணாடிக் குப்பியில் அவற்றைப் போட்டு, நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோனைத் தூய்மையானதாக வாங்கி ஊற்றி மூடி, வெளியே ஷெட்டில் வைத்தோம். அடுத்த நாள் காலை தோசைமாவுப் பதத்தில் வெள்ளையாக ஒரு குழம்பு. வெடிப்பை ஆங்கில வி வடிவத்தில் சீவி, விளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பின்னால் ஃபைபர் கிளாஸ் வலையை அந்தக் குழம்பாலேயே ஒட்டி, முன்னால் மெல்லிசாக நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. காயும்போது சுருங்குவதால் ஒரே தடவையில் அப்பக் கூடாது, அசிட்டோன் அதிகமானால் பக்கத்தில் நன்றாக இருக்கிற பிளாஸ்டிக்கையே பலவீனப்படுத்திவிடும். உப்புத்தாளில் 240, 400, 800 என்று ஏறி, பிரைமர், பெயின்ட். பெயின்ட் நிறம் இன்னும் ஒரு பிடி வெளுப்பாகத்தான் தெரிகிறது, பதினெட்டு வருட வெயிலைப் பார்த்த வெள்ளைக்குக் கடையில் நிறம் கிடைக்காது.

இதையெல்லாம் செய்த பிறகு கேரவன்களின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மூட்டுகள்தான் கண்ணில் படுகின்றன. உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் கேரவன் என்று சொல்லப்படுவது கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவருக்காக 1885இல் பிரிஸ்டலில் கட்டிய வான்டரர். குதிரை இழுத்தது, மஹோகனியும் மேப்பிளும். கனடாவில் 1968இல் வந்த போலர் என்ற கேரவன் இன்னொரு கோடி. ஃபைபர் கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்த ரே ஓலெக்கோதான் அதையும் வடிவமைத்தார், மேல் பாதி கீழ் பாதி என்று இரண்டே ஓடுகள், நடுவில் ஒரே ஒரு மூட்டு. தொட்டி கட்டத் தெரிந்தவருக்குத் தண்ணீரின் புத்தி தெரிந்திருக்கிறது. பிரிட்டனிலும் பெய்லி என்ற கேரவன் நிறுவனம் 2010 வாக்கில் சட்டத்தை அலுமினியமாக மாற்றியது, இன்னொரு நிறுவனமான ஸ்விஃப்ட்டும் பிற்பாடு மரமில்லாத சட்டத்துக்குப் போனது. மரம் இல்லையென்றால் இற்றுப்போக ஒன்றும் இல்லை என்பது உண்மை, ஆனாலும் மூட்டு மூட்டுதான், ஒழுகினால் உள்ளே இருக்கிற பிளைவுட்டும் மெத்தையும் நனையும். புதிய வண்டிகளின் பத்து வருட உத்தரவாதத்தில்கூட வருடா வருடம் ஓதப் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

பராமரிப்பு பற்றி இரண்டே விஷயம். அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற இயந்திரத்தை மூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மழையால் பத்து வருடத்தில் முடியாததை அது ஒரு மத்தியானத்தில் செய்துவிடும். வாளித் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். நிறுத்தி வைக்கும்போது முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், கூரையில் தண்ணீர் தேங்கக் கூடாது. மெழுகு போடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போடுகிறேன், ரெயிலைப் பார்த்த பிறகு.

போன ஞாயிறு இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மகள்தான் தாளில் எண்களை எழுதினாள். முன்பக்க வலது மூலை 13, ஜன்னலுக்குக் கீழே 12. இடது பக்கம் பின்மூலையில், போன வருடம் 14 இருந்த இடத்தில், இப்போது 19. இன்னும் ஒரு 64 திருகாணிக்குச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை மழை இல்லை என்கிறார்கள்.